பாயிண்ட் மேல் பழி போடாதீர்கள்

பழைய பெட்ரோல் லாரி ஒன்று நடுரோட்டில் நின்றுவிட்டால் முதல் திட்டு விழுவது பாயிண்ட் மேல்தான். "அண்ணே, பாயிண்ட் கருகிடுச்சு." "மாத்திடு தம்பி." அவ்வளவுதான் பேச்சு. புதுப் பாயிண்ட் போட்டதும் வண்டி உடனே கிளம்பிவிடும். எல்லோருக்கும் சந்தோஷம். பத்து நாள் கழித்து மறுபடியும் நிற்கும். மறுபடியும் கருகிய பாயிண்ட், மறுபடியும் அதே வசனம். மூன்றாவது தடவைக்குள் ஓனருக்கு வண்டி மேலேயே வெறுப்பு வந்துவிடும். அப்புறம் இரண்டே வழி... ஒன்று எலக்ட்ரானிக் இக்னீஷன், இல்லையென்றால் காயலான் கடை.

இவ்வளவு கூத்திலும் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. பாயிண்ட் ஏன் கருகியது?

பாயிண்ட் தேய்வது இயற்கை. கருகுவது இயற்கை இல்லை. செருப்பு தேய்ந்தால் புதுச் செருப்பு வாங்கலாம். செருப்பு தீப்பிடித்தால்? புதுசு வாங்குவதற்கு முன்னால் நெருப்பு எங்கே என்று பார்க்க வேண்டாமா?

திருவிடைமருதூர் பக்கம் பெட்ரோல் லாரி ஏது?

நியாயமான கேள்விதான். இன்றைக்குக் கும்பகோணம் - மயிலாடுதுறை சாலையில் திருவிடைமருதூரைத் தாண்டி நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு போகிற லாரிகள் டீசல் லாரிகள். டீசல் எஞ்சினில் பாயிண்டும் கிடையாது, ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி அதில் டீசலைப் பீய்ச்சினால் அது தானே எரிந்துவிடும்.

ஆனால் காவிரி டெல்டாவின் மோட்டார் சரித்திரம் டீசலில் ஆரம்பிக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் தமிழ்நாட்டில் ஓடிய பஸ்களும் லாரிகளும் பெரும்பாலும் செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ் மாதிரியான பெட்ரோல் வண்டிகள். சேஸிஸ் கப்பலில் வரும், பாடியை இங்கே கட்டிக்கொள்வார்கள். போர்க்காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் கரி பஸ் வந்தது. வண்டியோடு ஒரு பெரிய அடுப்பு, அதில் மரக்கரி, அதிலிருந்து வரும் வாயுவில் எஞ்சின் ஓடும். அதற்கும் ஸ்பார்க் வேண்டும். கரி வாயு மெதுவாக எரியும் என்பதால் ஸ்பார்க்கை இன்னும் கொஞ்சம் முன்னாலேயே கொடுக்க வேண்டும். டைமிங் பற்றித் தெரியாத மெக்கானிக் கரி பஸ் பக்கம் போய்ப் பிழைத்திருக்க முடியாது.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட பெட்ரோல் லாரிகள் ஏலத்துக்கு வந்தன. 1940-களின் கடைசியில் பம்பாயில் பிரீமியர் கம்பெனி டாட்ஜ், ஃபார்கோ லாரிகளைப் பூட்டத் தொடங்கியது. டீசல் பெரிய அளவில் வந்தது 1950-களில்தான். 1954-ல் டாடா - மெர்சிடிஸ் பென்ஸ் லாரி வந்தது. சென்னையில் சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் தயாரித்தது. பழைய பெட்ரோல் எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு அதே சேஸிஸில் பெர்கின்ஸைப் பூட்டுவது அந்தக் காலத்து லாரி ஓனர்களின் பெரிய யோசனை. கும்பகோணத்தின் ராமன் அண்ட் ராமன் பஸ் கம்பெனி 1972-ல் அரசுடைமையாகி சோழன் போக்குவரத்துக் கழகம் பிறந்தபோது பெட்ரோல் பஸ் என்பதே பழங்கதை.

லாரி டீசலுக்குப் போனதே தவிர, பாயிண்ட் ஊரை விட்டுப் போகவில்லை. அம்பாசடர் கார், பழைய ஜீப், பழைய புல்லட், எஸ்டி, ராஜ்தூத் எல்லாவற்றிலும் பாயிண்ட் இருந்தது. வாய்க்கால் கரையில் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய பம்ப் செட், முதுகில் மாட்டிக்கொண்டு மருந்து அடிக்கும் பழைய பவர் ஸ்பிரேயர், இவற்றிலும் இதே பாயிண்ட்தான். பேட்டரிக்குப் பதில் காந்தச் சக்கரம் இருக்கும், அவ்வளவு வித்தியாசம்.

ஆகவே சினிமா ஷூட்டிங்குக்கும் கண்காட்சிக்கும் மட்டும் மிச்சமிருக்கிற பழைய லாரியைப் பற்றிப் பேசினாலும், சொல்லப்போகும் விஷயம் வயல் வரைக்கும் வரும்.

அந்த டப்பாவுக்குள் என்ன நடக்கிறது?

பாயிண்ட் ஒரு சுவிட்ச். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே, மிளகு அளவு முகம் கொண்ட இரண்டு டங்ஸ்டன் பொட்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கும். ஒன்று அசையாது. இன்னொன்று ஒரு ஸ்பிரிங் கையில் இருக்கும். நடுவில் சுற்றும் கேம் அந்தக் கையைத் தள்ளும்போது பாயிண்ட் திறக்கும், விட்டால் மூடும்.

மூடியிருக்கும்போது பேட்டரி மின்சாரம் காயில் வழியாக ஓடிக் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. பாயிண்ட் திறந்த கணத்தில் மின்சாரம் அறுந்து, அந்தக் காந்தப்புலம் சரிந்து, காயிலின் இரண்டாவது சுற்றில் பல ஆயிரம் வோல்ட் கிளம்புகிறது. அதுதான் பிளக்கில் பொறி. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1910 காடிலாக் காருக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு இது. 1973-ல் கிரைஸ்லர் கம்பெனி தன் அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் எலக்ட்ரானிக் இக்னீஷனைப் போட்டது. அதுவரைக்கும், அறுபது வருடத்துக்கு மேல், பெரும்பாலான பெட்ரோல் கார்களும் லாரிகளும் இந்த இரண்டு பொட்டுகளை நம்பித்தான் ஓடின. நம் ஊரில் 1960-களின் தொடக்கத்தில் சென்னை பாடியில் ஆரம்பித்த லூகாஸ் டிவிஎஸ் இதே மாதிரி டிஸ்ட்ரிபியூட்டர்களையும் காயில்களையும் செய்து கொடுத்தது.

அந்தப் பொட்டுகளின் உழைப்பைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு சிலிண்டர் லாரி எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றுகிறது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் ஒரு சுற்றுக்கு மூன்று ஸ்பார்க். நிமிடத்துக்கு 6000. நொடிக்கு 100. கும்பகோணத்தில் ஏறி மயிலாடுதுறையில் இறங்க ஒரு மணி நேரம் ஆனால் 3 லட்சத்து 60 ஆயிரம் தடவை அந்தப் பாயிண்ட் திறந்து மூடியிருக்கும். இத்தனை உழைக்கிற ஒன்றைப் பார்த்து "இது மட்டமான சாமான்" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

இதில் பாயிண்டுக்கு ஒரு மெய்க்காப்பாளன் உண்டு. பேர் கண்டன்சர். விரல் கட்டை அளவுக்கு ஒரு சின்ன உருளை. வாய்க்காலில் வேகமாக ஓடுகிற தண்ணீரைத் திடீரென்று பலகை போட்டு அடைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் மோதித் தெறித்துப் பலகையையே அரிக்கும். பக்கத்தில் ஒரு சின்னக் குட்டை இருந்தால் அந்த வேகம் குட்டைக்குள் போய் அடங்கிவிடும். மின்சாரத்துக்குக் கண்டன்சர்தான் அந்தக் குட்டை. பாயிண்ட் திறக்கும் கணத்தில் முந்நூறு வோல்ட் வரைக்கும் கூடப் பின்னோக்கி எகிறும். அதைக் கண்டன்சர் வாங்கிக்கொள்ளவில்லை என்றால், அந்த மின்சாரம் பாயிண்டின் இடைவெளியையே தாண்டிக் குதித்து, பொறி பறந்து, பொட்டுகளைச் சுட்டுவிடும். கூடவே பிளக்குக்குப் போக வேண்டிய சக்தியும் இங்கேயே வீணாகிவிடும்.

இப்போது ஆரம்பத்தில் பார்த்த லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். கண்டன்சர் கெட்டது. பாயிண்ட் கருகியது. மாற்றியது பாயிண்டை மட்டும். பத்து நாளில் புதுப் பாயிண்டும் கருகாமல் வேறு என்ன செய்யும்?

கருகியதைத் தூக்கிப் போடாதீர்கள், படியுங்கள்

கழற்றிய பாயிண்டைச் சாக்கடையில் வீசுவது பல பட்டறைகளின் வழக்கம். அது டாக்டர், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படிக்காமலே கிழித்துப் போடுவது மாதிரி. பழைய பாயிண்டின் முகத்தில் நோயின் விவரம் முழுக்க எழுதியிருக்கும்.

முகம் வெளிர் சாம்பல் நிறத்தில், லேசாகச் சொரசொரப்பாக இருந்தால் அது ஆரோக்கியமான பாயிண்ட். வயசாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு பொட்டில் குழி, எதிர்ப்பொட்டில் மேடு இருந்தால், உலோகம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கண்டன்சர் அந்த எஞ்சினுக்குப் பொருந்தாத அளவாக இருக்கலாம், அல்லது பலவீனமாகியிருக்கலாம்.

நீலம் பூத்துக் கருகியிருந்தால் அளவுக்கு மீறிய சூடு. கண்டன்சரைப் பாருங்கள், காயிலுக்குப் போகும் வோல்ட்டேஜைப் பாருங்கள்.

கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் யாரோ கேமில் கிரீஸை அள்ளி அப்பியிருக்கிறார்கள், அல்லது ஷாப்ட் புஷ் தேய்ந்து எண்ணெய் மேலே ஏறுகிறது. அந்த எண்ணெய் பாயிண்டில் எரிந்து கரியாகிறது.

முகம் நன்றாக இருந்தும் இடைவெளி மட்டும் சுருங்கியிருந்தால், கேமில் உரசும் ஃபைபர் கால் தேய்ந்திருக்கிறது. இது எண்ணெய்ப் பிசுக்குக்கு நேர் எதிரான நோய், கிரீஸே வைக்காமல் விட்டதன் பலன். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். தாமதமாகத் திறந்தால் ஸ்பார்க்கும் தாமதம். வண்டி இழுக்காது, எஞ்சின் சூடாகும். ஓனர் ரேடியேட்டரைத் திட்டுவார்!

முகம் பளிச்சென்று இருந்தும் வண்டி கிளம்பவில்லையா? மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் நின்ற வண்டிக்கு வரும் வியாதி அது. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் பொட்டுகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் படிந்துவிடும். சுத்தமான கெட்டி அட்டை ஒன்றை, பழைய கல்யாணப் பத்திரிகையே போதும், இரண்டு பொட்டுக்கும் நடுவில் வைத்து மெல்ல இழுத்தால் பல நேரம் தீர்ந்துவிடும். உப்புத்தாள் வேண்டாம். அதிலுள்ள மணல் துகள் பொட்டுக்குள் பதிந்துகொண்டு புதுத் தொல்லை கொடுக்கும்.

ஒரு வரிசை இருக்கிறது

வண்டி நின்றதும் எதையாவது கழற்ற வேண்டும் என்று கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். கழற்றுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு.

1. பெட்ரோலா, கரண்டா? ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சுவிட்சை அணைத்த மாதிரி டக்கென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட். இருமி, திணறி, தள்ளாடி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல். இது சட்டம் இல்லை, தொடங்குவதற்கு ஒரு துப்பு.

2. காயிலில் ஸ்பார்க் இருக்கிறதா? காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு நடுவில் போகும் தடித்த வயரை மூடியிலிருந்து உருவி, காப்புப் போட்ட கொறடால் பிடித்து, எஞ்சின் பிளாக்கிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றச் சொல்லுங்கள். (பக்கத்தில் பெட்ரோல் ஒழுகவில்லை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்!) தடித்த நீல ஸ்பார்க் வந்தால் பாயிண்ட், கண்டன்சர், காயில் மூன்றும் அந்த நேரத்துக்கு நிரபராதிகள். குற்றவாளி ரோட்டார், மூடி, பிளக் வயர், பிளக் பக்கம் இருக்கிறான். டெல்டா மழையில் மூடிக்குள் ஈரம் கோத்து, கரிக்கோடு விழுந்து, மின்சாரம் தவறான வழியில் போவது ரொம்ப சகஜம். மெலிசாக மஞ்சள் ஸ்பார்க் வந்தால் கண்டன்சர் மேல் சந்தேகம். ஸ்பார்க்கே இல்லையென்றால் அடுத்த கேள்வி.

3. பல்பு என்ன சொல்கிறது? 12 வோல்ட் வண்டி என்றால் ஒரு சின்ன 12 வோல்ட் பல்பு போதும். காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் முனையில் ஒரு வயர், எஞ்சின் பாடியில் ஒரு வயர். சாவியைப் போட்டு எஞ்சினை மெதுவாகச் சுற்றினால், பாயிண்ட் மூடும்போது பல்பு அணைய வேண்டும், திறக்கும்போது எரிய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் தொடவே இல்லை, அல்லது வயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லையென்றால் சாவி, காயில் வழியாகக் கரண்ட் வரவில்லை, அல்லது பாயிண்டின் காப்பு வாஷரோ கண்டன்சரோ ஷார்ட் ஆகியிருக்கிறது. ஒரு பல்பு இத்தனை விஷயத்தைச் சொல்லிவிடும்.

4. சூடானால் மட்டும் நிற்கிறதா? காலையில் அருமையாகக் கிளம்பி, பத்து மைல் போய் நின்று, அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி கிளம்பும் வண்டி ஒரு தனி ரகம். கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகி அடைக்கிறது என்று ஈரத்துணியைச் சுற்றுவார்கள். அதுவாகவும் இருக்கலாம். ஆனால் சூட்டில் கைவிடுகிற கண்டன்சரும் காயிலும் இதே நாடகத்தைத்தான் ஆடும். பிரித்துப் பார்க்க ஒரே வழி, நின்ற அந்த நிமிடத்திலேயே ஸ்பார்க் சோதிப்பது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் சாட்சி கலைந்துவிடும்.

5. இடைவெளியை வைத்தாயிற்றா, டைமிங்கைப் பார்த்தாயிற்றா? இந்த வகை எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 முதல் 20 பங்கு, அதாவது சுமார் 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர் இடைவெளி. சரியான அளவுக்கு அந்தந்த வண்டியின் மேனுவலைப் பாருங்கள். முதலில் இடைவெளி, பிறகுதான் டைமிங். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறிவிடும் என்பதால் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் செய்த வேலை வீண். மேடு பள்ளமான பழைய பாயிண்டில் ஃபீலர் கேஜ் மேட்டை மட்டும்தான் அளக்கும், உண்மையான இடைவெளியைச் சொல்லாது என்பதையும் மறக்கக் கூடாது.

எல்லாம் பார்த்தும் சிக்காத இரண்டு திருடர்கள் உண்டு. ஒன்று டிஸ்ட்ரிபியூட்டர் ஷாப்ட் புஷ். அது தேய்ந்து ஷாப்ட் ஆடினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு இடைவெளி. நீங்கள் அளந்து வைத்த இடைவெளி எஞ்சின் ஓடும்போது இருக்காது. ஷாப்டின் தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும், பாயிண்ட் கடைக்குப் போய்ப் பிரயோஜனம் இல்லை. இன்னொன்று, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் பாடிக்குப் போகும் சின்னப் பின்னல் எர்த் வயர். அந்தத் தட்டு அசையும்போதெல்லாம் அதுவும் வளைந்து வளைந்து உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும். வெளியே பார்த்தால் முழுசாகத் தெரியும். வண்டி நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும்.

ஆறு வோல்ட் வண்டிக்குப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி

பழைய அமெரிக்க லாரிகளில் இது ஒரு தனிக்கதை. 1950-களின் நடுப்பகுதி வரைக்கும் அவற்றில் பல 6 வோல்ட் வண்டிகள். 6 வோல்ட் பேட்டரி கடையில் சுலபமாகக் கிடைக்காது. உடனே 12 வோல்ட் பேட்டரியை மாட்டி, பல்புகளை எல்லாம் மாற்றிவிடுவார்கள். காயிலை மட்டும் மறந்துவிடுவார்கள். ஸ்டார்ட்டர் சுறுசுறுப்பாகச் சுற்றும், ஸ்பார்க்கும் பிரமாதமாக வரும். ஆஹா, வண்டிக்கு உயிர் வந்துவிட்டது என்று தோன்றும்.

பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். 6 வோல்ட் காயிலின் மின்தடை ஒன்றரை ஓம் என்று வைத்துக்கொண்டால் 6-ஐ 1.5-ஆல் வகுக்க 4 ஆம்பியர். அதே காயிலுக்கு 12 வோல்ட் கொடுத்தால் 8 ஆம்பியர். மின்னோட்டம் இரட்டிப்பானால் சூடு நாலு மடங்கு. 4 ஆம்பியருக்காகச் செய்த பாயிண்ட், பாவம், என்ன செய்யும்? கருகும். காயிலும் ஒரு நாள் வெந்துவிடும். தீர்வு என்னவோ சின்னதுதான். 12 வோல்ட் காயில் போட வேண்டும், அல்லது சரியான அளவில் ஒரு பேலஸ்ட் ரெசிஸ்டரைத் தொடராக இணைக்க வேண்டும். இதைச் செய்யாமல் பாயிண்ட் மாற்றிக்கொண்டே இருப்பது, ஓட்டை வாளியில் தண்ணீர் இறைத்துவிட்டுக் கிணற்றைக் குறை சொல்வது மாதிரி.

எலக்ட்ரானிக் போட்டால் போச்சு?

"இவ்வளவு கஷ்டம் எதற்கு, ஒரு எலக்ட்ரானிக் கிட் வாங்கிப் போட்டால் முடிந்தது" என்று சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. எலக்ட்ரானிக் இக்னீஷனில் தேய்வதற்கு ஃபைபர் கால் இல்லை, கருகுவதற்குப் பொட்டு இல்லை, அடிக்கடி இடைவெளி பார்க்க வேண்டாம். உலகம் முழுக்க மாறியது சும்மா இல்லை. தினமும் ஓட்டும் வண்டிக்கு அது நல்லது என்பதில் சண்டையே வேண்டாம்.

ஆனால் எந்தக் காரணத்தால் பாயிண்ட் கருகியதோ அந்தக் காரணம் அப்படியே இருக்கும்போது கிட் போட்டால் என்ன ஆகும்? 12 வோல்ட்டில் ஓடும் 6 வோல்ட் காயில் பல கிட்களையும் சுட்டுவிடும். ஆடும் ஷாப்ட் கிட்டின் டைமிங்கையும் ஆட்டும். லூசான எர்த் யாரையும் விடாது. பாயிண்டாவது கருகி, குழி விழுந்து, மஞ்சள் ஸ்பார்க் காட்டி முன்கூட்டியே எச்சரிக்கும். எலக்ட்ரானிக் மாட்யூல் பெரும்பாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் செத்துப்போகும். நள்ளிரவில் ஆடுதுறை தாண்டி வயல்வெளியில் வண்டி நின்றால் பாயிண்டை ஒரு அட்டையும் ஸ்க்ரூ டிரைவரும் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேரும் அளவுக்குச் சரி செய்யலாம். மாட்யூலை என்ன செய்வது?

ஆகவே காரணத்தைச் சரி செய்துவிட்டு எலக்ட்ரானிக் போடுங்கள், தப்பே இல்லை. காரணம் தேடுவதற்குப் பதிலாகப் போடாதீர்கள்.

உண்மையான கோளாறு எங்கே?

இத்தனையும் மெக்கானிக்குகளைக் குறை சொல்வதற்காக இல்லை. அனுபவமுள்ள பட்டறைக்காரருக்கு மேலே சொன்னதில் முக்கால்வாசி தெரிந்திருக்கும். பிறகு ஏன் அவரும் பாயிண்டையே மாற்றுகிறார்?

பதில் கூலியில் இருக்கிறது. ஒரு மெக்கானிக் இரண்டு மணி நேரம் குனிந்து, தேடி, அந்தப் பின்னல் வயர் அறுந்திருப்பதைக் கண்டுபிடித்து, ஒரு துண்டு வயரைப் பற்றவைத்து வண்டியை ஓட வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஒரு துண்டு வயருக்கா இவ்வளவு காசு?" என்று ஓனர் சண்டைக்கு வருவார். அதே மெக்கானிக் பத்து நிமிடத்தில் பாயிண்ட், கண்டன்சர், ரோட்டார், மூடி, பிளக் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் பழைய சாமான்களை ஒரு பேப்பரில் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்தால், அதே ஓனர் மூன்று மடங்கு பணத்தை மறுபேச்சில்லாமல் எடுத்து வைப்பார். கண்ணுக்குத் தெரிகிற சாமானுக்குக் காசு உண்டு, யோசனைக்குக் காசு கிடையாது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் யோசிக்கிற மெக்கானிக் பட்டினி கிடப்பான், மாற்றுகிற மெக்கானிக் பிழைப்பான்.

இதன் விளைவு வின்டேஜ் லாரியோடு நிற்பதில்லை. புரட்டாசி, ஐப்பசியில் பெய்யும் மழையில் இளம் சம்பா நாற்று மூழ்கிக் கிடக்கும்போது, தண்ணீரை இறைக்க வேண்டிய பழைய எஞ்சின் கிளம்பவில்லை என்றால், அங்கே போய்க்கொண்டிருப்பது பயிர். கல்யாணப் பத்திரிகை அட்டையை ஒரு தடவை இழுத்தால் போதும் என்பது தெரிந்த ஒருவர் அந்தக் கரையில் இருப்பதும் இல்லாமல் இருப்பதும் ஒரு போகத்தின் வித்தியாசமாக இருக்கலாம். எஞ்சின் சரியில்லை என்று காயலான் கடைக்குப் போனவற்றில், அறுந்த வயர் ஒன்றுக்காகப் போனவை எத்தனையோ!

லாரியில் பாயிண்ட் இல்லாமல் போகலாம், நாளைக்கு எஞ்சினே இல்லாமல் மின்சார வண்டிகளாகவும் ஆகலாம். அப்போதும் ஏதோ ஒன்று கருகும். "அதை மாத்திடு" என்று ஒரு குரல் கேட்கும். அது ஏன் கருகியது என்று கேட்கும் பழக்கத்தைப் பழகிக்கொள்ள, மூடியைத் திறந்தால் எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற பழைய பாயிண்ட் எஞ்சினை விட நல்ல வாத்தியார் கிடைப்பது கஷ்டம். ஐடிஐ மாணவர்கள் முன்னால் ஒன்றை வைத்து, வேண்டுமென்றே ஒரு கோளாறைச் செய்து, கண்டுபிடிக்கச் சொல்லலாம். மேலே சொன்ன ஐந்து கேள்விகளைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டலாம். பெரிய செலவு இல்லை.

வண்டி வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். அடுத்த தடவை மெக்கானிக் எந்தப் புதுச் சாமானும் போடாமல், கோளாறைக் கண்டுபிடித்து, ஒரு சின்ன வயரைப் பற்றவைத்து வண்டியைக் கொடுத்தால், "என்னத்த மாத்தினீங்க?" என்று கேட்காதீர்கள். "என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சீங்க?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு, அவர் சொன்ன கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.